நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில் பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறாள் அவள். அந்த வரிசையில் முப்பது பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்கும். அது இல்லாமல் எவரும் எழுந்திருக்கக் கூடாது. நாளுக்கு ஐந்தாறு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

“என்னக்கா, இன்னிக்கு எத்தனை ஸ்டேஷன்?” என்பாள் பக்கத்து மெஷினில் சட்டைக் கை தைப்பவள்.

சூப்பர்வைசர் கேலியோடு நிற்கவில்லை. “நோயின்னா ரிப்போர்ட் கொண்டா. இல்லன்னா அடுத்த மாசத்துலேருந்து நீ குறைஞ்ச கூலிக்கு நூல் வெட்டத்தான் போகணும்.”

ஆஸ்பத்திரியில் ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்தார்கள். வந்த ரிப்போர்ட்டை அப்படியே கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் வரிசைக்கே கேட்கும்படி வாசித்தார்: “நார்மலாம்! நடிப்புக்கு எந்த டாக்டர் மருந்து தருவாரு?”

புண் தெரியாவிட்டால் வலியும் பொய் என்கிற மூடத்தனம் படித்தவர்களையும் விடுவதில்லை. அவளே ஆடிப்போய், சோதித்த டாக்டரிடம் திரும்பப் போனாள்.

“டாக்டரம்மா, ஏதாவது ஒரு நோய் இருக்குன்னு எழுதிக் குடுங்க.”

“இருக்கேம்மா! புண்ணு இல்ல, கட்டி இல்ல, அதுதான் அந்த நார்மல். குடலும் மூளையும் பேசிக்கிறதுல கோளாறு. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமா ஐ.பி.எஸ்.னு பேரு. எல்லா நாட்டுலயும் இருக்கு. என்ன சாப்பிட்டீங்க, எப்ப வலிச்சுதுன்னு ரெண்டு வாரம் எழுதுங்க.”

ஒரு நோட்டில் எழுதினாள். பாலை விட்டதும் பாதி குறைந்தது. மீதி வலிக்கு ஒரு ஒழுங்கு இருந்தது: ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காது, வேலை நாளில் ஆணி காலியாகத் தெரிந்த மாத்திரத்தில் கலக்கும்.

நோட்டையும் டாக்டர் எழுதித் தந்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனாள். அவர் இரண்டையும் புரட்டினார்.

“உனக்கு மட்டும் தனி டோக்கன் தரச் சொல்றேன்.”

“டோக்கனே வேணாம் சார். வந்தா எழுந்து போயிடறேன். காலர் குறைஞ்சா அப்பக் கேளுங்க.”

“சரி, ஒரு மாசம் பார்ப்போம்.”

காலர் குறையவில்லை. டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றான பிறகு ஓட்டம் நாளுக்கு இரண்டாயிற்று. நோய் போய்விடவில்லை; சில காலைகளில் பாடாய்ப் படுத்தும். ஆனால் காலர் மெஷின் அவளிடம்தான்.

மற்ற இருபத்தொன்பது பேருக்கு இன்னும் பழைய விதிதான். அதை எடுக்கச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. அடுத்தது, ஸ்டேஷன் எண்ணியவளுடையது.