பாகம் வைத்த டிராக்டர்

என் அத்தானை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சிரித்தாலும் ஆகாது, சிரிக்காமல் இருந்தாலும் ஆகாது. அப்பாவின் அக்காள் மகன். முறை மாப்பிள்ளை என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு குட்டி டிராக்டர் இருந்தது. மலையோரத்து ரப்பர் எஸ்டேட் துரை, சுதந்திரம் வந்ததும் கப்பலேறினார். அவர் விட்டுப்போன சாமான்களோடு அப்பா அதை வாங்கி வந்தார். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற டிராக்டர் இல்லை. முன்னால் எஞ்சின், நடுவில் இரண்டு இரும்புச் சக்கரம், பின்னால் கொழு, நீளமாக இரண்டு கைப்பிடி. பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். வரும்போதே அது கிழடு. அப்பா பிரித்துப் பிரித்துப் பூட்டி ஓட வைத்தார். அவருக்குக் கையாள் நான்தான். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்பது எனக்கு அத்துப்படி.

அப்பா செத்ததும் அத்தை பங்கு கேட்டு வந்தாள். எங்கள் பக்கம் மருமக்கள் வழி. மாமன் சொத்து மருமகனுக்கு என்று இருந்தது. சட்டம் மாறிவிட்டது, அத்தை மாறவில்லை. டிராக்டர் அப்பாவின் சம்பாத்தியமா, குடும்பச் சொத்தா என்று சண்டை. மத்தியஸ்தம் பேச வந்த பெரியவர்களுக்கு வயலையும் தென்னந்தோப்பையும் பிரித்துப் பழக்கம். அதே கையோடு டிராக்டரையும் பாகம் வைத்தார்கள். எஞ்சின் எங்களுக்கு. சக்கரம், கைப்பிடி, கியர்ப்பெட்டி, கொழு அத்தைக்கு. எஞ்சின் பக்கம் கனம் கூடுதல் என்று அத்தை மூக்கைச் சிந்தவும், தீப்பொறி தருகிற மேக்னெட்டோவை எஞ்சினிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இனி ஒருத்தரும் உழ முடியாது என்பது எனக்கு உறைத்தது. பெண்பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

சில வருஷம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு கோமாரியில் அத்தானின் உழவு மாடுகள் செத்தன. வாழைத்தோட்டம் உழாமல் கிடந்தது. உடனே அத்தைக்கு எங்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது.

"பிள்ளையளச் சேத்து வச்சா வண்டியும் தன்னால சேந்துரும்," என்று அம்மாவிடம் சொன்னாள். "முதல்ல வண்டியப் பூட்டுவோம். அது ஓடுக அன்னைக்கே நாள் குறிச்சிரலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். நான் முடியாது என்றேன். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. ஆக, எஞ்சின் ஓடினால் எனக்குக் கல்யாணம். அது ஓடக் கூடாது என்று கோயிலில் போய் வேண்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. அப்பாவின் வண்டி அது.

அத்தான் தன் பாகத்தை வாடகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தான். தொழுவத்தில் போட்டு வைத்திருந்ததால் சக்கரமெல்லாம் துருவும் சாணியும். எங்கள் எஞ்சின் மட்டும் என்ன வாழ்ந்தது? துருப்பிடிக்காமல் இருக்க அம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பூசி வைத்திருந்தாள், என் தலைக்குப் பூசுகிற மாதிரி. அது சிக்குப்பிடித்து நாறியது.

"எஞ்சினா இது, இல்ல எலி செத்துக் கெடக்கா?" என்றான்.

"மேல உள்ளது எண்ணெய். உங்க பாகத்துல உள்ளது என்னதுன்னு மோந்து பாருங்க," என்றேன்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவவே நாள் போனது. மறுநாள் பூட்ட ஆரம்பித்தோம். அவன் கேட்காத ஸ்பானரை நான் கொடுப்பேன். அதுதான் சரியான ஸ்பானராக இருக்கும். அவன் வேறொன்றைப் போட்டு போல்ட்டின் தலையை மழுக்குவான். முழு நாளும் இப்படியே போயிற்று.

கடைசியாக மேக்னெட்டோ. அதன் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி உண்டு, எஞ்சின் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி உண்டு. இரண்டும் எதிரெதிரே சேர்ந்தால்தான் தீப்பொறி சரியான நேரத்தில் விழும். அத்தான் புள்ளியைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொருகினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் இது ஓடாது, ஓடாவிட்டால் நான் தப்பித்தேன்.

கயிற்றைச் சுற்றி இழுத்தான். எஞ்சின் பின்னால் உதைத்துக் கயிற்றைப் பிடுங்கியது. உள்ளங்கை உரிந்துபோய்விட்டது. மறுபடி இழுத்தான், மறுபடி உதைத்தது.

"மாமன் கண்டபடி நோண்டிக் கெடுத்து வச்சிருக்காரு," என்றான். "அவருக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேக்னெட்டோவைக் கழற்றினேன், புள்ளிக்குப் புள்ளி சேர்த்தேன், பூட்டினேன். "இப்ப இழுங்க," என்றேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கோழிகள் கூரைமேல் ஏறின. வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தை குரவையிட்டாள். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டது புரிந்தது.

"தோட்டத்துல ரெண்டு சால் ஓட்டிப் பாத்துட்டு வாறேன்," என்று சொல்லி வண்டியை வெளியே ஓட்டிக்கொண்டு போனான் அத்தான்.

வரவில்லை. வண்டியும் வரவில்லை, அத்தையும் வரவில்லை. பூதப்பாண்டிப் பக்கம் அவனுக்குப் பெண் பேசி முடித்தாகிவிட்டது என்ற சேதிதான் வந்தது. அம்மா படுத்துவிட்டாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். அரை நாழிகை. அதற்குப் பிறகு வந்த கோபம் மாதிரி என் ஆயுசில் வந்ததில்லை. எனக்கு வேண்டாதவன்தான். ஆனால் என்னை வேண்டாம் என்று சொல்ல அவன் யார்?

ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு, ஒரு மாட்டுவண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாதி உழுதிருந்தது. நடவேண்டிய வாழைக்கன்றுகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அத்தான் வண்டியை நிறுத்தினான்.

"என்னட்டி வேணும்?"

"என் பாகம்."

"ஓடுக வண்டிய யாராவது பிரிப்பாளா?"

"நம்ம குடும்பத்துல பிரிப்பாங்க."

எஞ்சின் ஆறட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. கை சுட்டது. மேக்னெட்டோவைக் கழற்றி அவன் காலடியில் வைத்தேன். பாகத்தில் நான் ஏமாற்றினேன் என்று பேர் வரக் கூடாது. பிறகு எஞ்சினைப் பிடித்திருந்த போல்ட்களில் கைவைத்தேன். அவன் வானத்தைப் பார்த்தான், கன்றுகளைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

"செரிட்டி," என்றான். "பூதப்பாண்டிக்கு இன்னைக்கே ஆள் விட்டு வேண்டாம்னு சொல்லிருகேன். நான் உன்னையே கெட்டுகேன். ஸ்பானரக் கீழ வை."

நிமிர்ந்து பார்த்தேன். பெரிய தியாகம் செய்துவிட்டவன் போல நின்றுகொண்டிருந்தான்.

"அத்தான்," என்றேன், "கைப்பிடிக்கு அடியில ஒரு கல்லு வையுங்க. எஞ்சின் எறங்குச்சுன்னா வண்டி பின்னால சாயும்."

கன்றுகளை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு போய்க் கல் எடுத்து வந்து வைத்தான்.