இடப்பக்கக் கதவு

மலேசியாவின் மெர்லிமாவில் நான் புதிதாகக் குடிபோன வீட்டுக்கு எதிரே ஒரு கார் பட்டறை. அதை நடத்துபவர் காதோரம் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில், நொறுங்கிப்போன மீன் வேனின் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் தனியாகப் பொருத்திக்கொண்டிருந்தார். தினமும் வேலை முடிந்ததும் இடப்பக்கக் கதவைத் திறந்து, அந்த இருக்கையைத் துடைத்து மூடுவார். மனைவி உட்காரும் இடம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த இருக்கை வெளியே கிடந்தது.

“ஏண்ணே கழட்டிட்டீங்க?”

“கியர்பாக்ஸ் பெருசு தம்பி. தரைய வெட்டித் தூக்கியாச்சி. கார் ஓடணும்னா இந்த சீட்டு போவணும் லா.”

“அப்ப அக்கா எங்க உக்காருவாங்க, டிக்கியிலயா?”

“அவ தவறிப்போயி ரெண்டு வருஷமாச்சி தம்பி.”

மறுவாரம் இஞ்சின் உறுமியது. அவர் இடப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் தகரம். அதைத் துணியால் துடைத்து, கதவை மெதுவாக மூடிவிட்டு, சுற்றி வந்து ஏறிப் போனார்.