சட்டையில் வைத்த குறி

எங்கள் ஆற்றோரத் தெருவுக்குத் துணி வெளுத்த அம்மாள் ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். சேங்கொட்டைச் சாயத்தில் விரல் நுனிகள் கருத்திருக்கும். எந்த வீட்டுத் துணி என்று தெரிய, ஓரத்தில் அந்தச் சாயத்தால் குறி வைப்பாள்.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. தாமிரபரணி படித்துறையை மூடிவிட்டது. அவள் வந்து, தெருப் பிள்ளைகளின் சட்டைகளைக் கழற்றச் சொல்லி, நெஞ்சுப் பக்கம் பெரிதாகக் குறி வைத்தாள். என் பேரனுக்கும் வைத்தாள்.

“ஏளா, புதுச் சட்டையைக் கெடுக்கியே!”

“தண்ணி கொண்டுட்டுப் போனா எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியணும்லா, அண்ணாச்சி? ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வெளுக்கவங்களுக்கு எங்க குறி தெரியும்.”

மூன்றாம் வகுப்போடு நின்று, மூட்டை சுமந்து, மாடி வீடு கட்டியவன் நான். விடுவேனா?

“என் வீட்டை எந்த வெள்ளமும் அசைக்காது. என் மூஞ்சிய இந்த ஜில்லாவே அறியும்ளா.”

“தண்ணியில ஊறுனா மூஞ்சி தெரியாது அண்ணாச்சி. குறி போவாது.”

என் சட்டையைக் கழற்றி நீட்டினேன். பிள்ளைகளுக்கு வைத்த அதே இடத்தில் எனக்கும் வைத்தாள்.

வெள்ளம் வாசற்படியோடு திரும்பிவிட்டது. ரவுடிகளும் அதிகாரிகளும் என்னை மிரட்டிப் பார்த்திருக்கிறார்கள். முடிந்தது அவள் ஒருத்தியால்தான்.