வாறவர் தந்த அட்வான்ஸ்

இது நடந்த சம்பவம். நம்பாதவர்கள் தயாளினியையே கேட்கலாம். நடந்தது இருட்டிலும் இல்லை. கொளுத்தும் வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

சுன்னாகத்தில் தயாளினி வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி உதயகலா கனடாவில். வீட்டைப் பராமரித்தவர் முத்துக்குமாரு. ஆள் பிடிப்பது, அட்வான்ஸ் வாங்குவது எல்லாம் அவர்தான். காசு வாங்கியதற்குத் துண்டு எழுதும் பழக்கமே இல்லை. புதிதாக வருபவரைக் கூட்டி வந்து, அவருடைய அட்வான்ஸை அப்படியே வீட்டை விட்டுப் போகிறவரின் கையில் கொடுக்க வைப்பார். பத்து வருடமாக ஒரு பிசகும் வந்ததில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பஸ் மோதி, முத்துக்குமாரு அந்த இடத்திலேயே போய்விட்டார்.

தயாளினி கொடுத்திருந்த அட்வான்ஸ் மூன்று லட்சம்?

"எனக்கு ஒரு சதமும் வரேல்லை. ஞாயிறு வீட்டை விடுங்கோ" என்றாள் உதயகலா போனில். முத்துக்குமாருவின் மனைவி மீனாம்பிகையிடம் கேட்க நாக்கு எழவில்லை. சாவு விழுந்த துடக்கு வீட்டில் காசுக்கதை எடுப்பதா? சண்டிலிப்பாயில் பார்த்து வைத்த வீட்டுக்காரரோ, "இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ளை அட்வான்ஸ் வராட்டி வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவன்" என்று சொல்லிவிட்டார். அடகு வைக்க ஒரு குண்டுமணி நகையும் மிச்சமில்லை. மகள் ஜெயனியோடு எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமை மணி 12.10. கேற் கொளுக்கி... கிளிக்.

முற்றத்தில் ஓர் இளைஞன்.

"அக்கா, நான் பிரகாஸ். இந்த வீட்டுக்கு வரப்போற ஆள். முத்துக்குமாரு அண்ணை இதை உங்கடை கையிலை குடுக்கச் சொன்னவர்."

உறை ஒன்றை நீட்டினான். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. எவரைக் கண்டாலும் குரைக்கும் வீட்டு நாய், கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"எப்ப சொன்னவர்?"

"இப்பத்தான். கேற்றடியிலை நிக்கிறார்."

எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனால்... இருமல். முத்துக்குமாருவின் அதே வறட்டு இருமல். இரண்டு தரம்.

ஐந்து மணி...

உறையைப் பறித்தாள். ஈரம்.

நிமிர்ந்தாள்.

அவன் இல்லை.

4.40க்குச் சண்டிலிப்பாயில் காசை எண்ணிய வீட்டுக்காரர் சிரித்தார். "என்ன தங்கச்சி, காசைத் தோய்ச்சுக் கொண்டு வந்தனீரோ? சரி, மூண்டும் இருக்கு."

முத்துக்குமாருவின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவன்று மீனாம்பிகையிடம் மெல்ல விசாரித்தாள்.

"பிரகாஸோ? ஐயோ பிள்ளை... அண்டைக்கு இவருக்குப் பின்னாலை மோட்டார் சைக்கிளிலை இருந்து வந்த பெடியன். உங்கடை வீட்டுக்குத்தான் வந்தவை. நினைவு திரும்பாமலே கிடந்து, வெள்ளிக்கிழமை விடியக் காலமை ஆசுப்பத்திரியிலை முடிஞ்சுது."

"அவனிட்டைக் காசு ஏதும்..." என்று இழுத்தாள் தயாளினி.

"தாய் தோட்டக்காணி வித்துக் குடுத்து விட்ட மூண்டு லட்சம், அவன்ரை பையிலை இருந்ததாம். பிரேதத்தை எடுக்கவும் கையிலை காசில்லாமல், மனுசி அதைத்தான் ரோட்டு ரோட்டாய், வாய்க்கால் வாய்க்காலாய்த் தேடினவ. இன்னும் தேடுறா."