கபாலி கொடுத்த தீப்பெட்டி

கபாலி பீடி பற்றவைத்துச் செத்தான் என்று இன்னும் பேசுகிறார்கள். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு ஆளாவது காதில் வாங்க வேண்டுமே. அவனுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது.

திருவான்மியூர்க்காரன். கழிவுநீர் லாரியில் நான் டிரைவர், அவன் குழாய் போடுகிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான், ஆனால் செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்தால் இரண்டடி தள்ளியே நிற்பான். அவன் அண்ணன் ஒரு தொட்டியில் மூச்சு முட்டிப் போனவன். அதனால் மூடியைத் திறக்குமுன் அதன் மேலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவான். ஏற்றாமல் தொடவே மாட்டான்.

அடையாறில் ஆராய்ச்சி செய்கிற ஸ்வர்ணலதா மேடம் எங்கள் லாரியில்தான் பாட்டிலில் சேறு பிடித்துப் போவார். ஒருநாள் கற்பூரத்தைப் பார்த்துக் கத்திவிட்டார்.

"அணைங்க! உள்ள இருக்கிறது எரியிற வாயு. அதை உண்டாக்குறது ஆர்க்கியான்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர்."

"கிருமியா மேடம்?" என்றேன்.

"பாக்டீரியா மாதிரிதான் இருக்கும். ரொம்ப நாள் அதோட சேர்த்துதான் வெச்சிருந்தாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது தனி வம்சம். நாம சுவாசிக்கிற காத்து பூமிக்கு வர்றதுக்கு முன்னாடியே பொறந்தது. இந்த வகைக்குக் காத்து ஆகாது, அதான் மூடின இருட்டுல கிடக்குது. நாமகூட அந்த வம்சத்துல ஒரு கிளையிலேருந்து வந்தவங்கன்னு இப்போ சொல்றாங்க."

"அப்போ நம்ம பங்காளின்னு சொல்லுங்க" என்று சிரித்தான் கபாலி. "பங்காளி கொள்ளி வெக்காம வுடுவானா?"

சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு பயம். ஏற்றினால் வெடிக்கும், ஏற்றாவிட்டால் அண்ணன் கதி. மூடியில் காதை வைத்துக் கேட்பான்.

"இன்னாமோ கொதிச்சிக்கினு கீது மச்சி. கேக்குதா?"

எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கடைசியாகப் போனது காந்தி நகரில் ஒரு பழைய வீடு. கபாலி மூடியை நகர்த்திக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தான். தொட்டியை ஒட்டின சுவரில்தான் தண்ணீர் மோட்டார் சுவிட்ச். வீட்டுக்காரர் வந்தார், சுவிட்சைத் தட்டினார். நீலமாக ஒரு பொறி பறந்ததைப் பார்த்தேன். அப்புறம் சத்தம்.

"பீடி பத்த வெச்சிருப்பான்" என்று போலீஸிடம் சொன்னவரும் அவர்தான்.

தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. அன்று மூடியைத் தொடுமுன் அவனே கொண்டுவந்து என் கையில் திணித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"நீயே வெச்சுக்கோ மச்சி. பயத்துல கேட்டாலும் கேப்பேன். குடுத்துடாத."