அக்கா வண்டி எடுத்த நாள்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு வீட்டில் 'பிரேக்' என்றுதான் பெயர். கற்றுக்கொள்ள வருபவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே பிழைப்பை ஓட்டிய மனிதர். மிதித்து மிதித்து, அந்த வலது கால் இப்போது அவர் பேச்சையே கேட்பதில்லை. டிவியில் கார் வேகமாக ஓடினால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார். மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனில் பேசினாலும் மிதிப்பார். அந்தக் கால் எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதும் இல்லை.

அதனால், ஊரெல்லாம் நோய் பரவிக் கிடந்த அந்த வருடக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் கூடலாமா வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது, வீடியோ காலில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வழக்கமாகக் கூடுவது அக்கா வீட்டில். ஒரே ஹால், ஒரே மேஜை, காதைப் பிளக்கும் சத்தம். கணவர் போன பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தார். அந்த வருடம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, அரைகுறையாகத் தேறிய நுரையீரலோடு வீடு திரும்பியிருந்தார். வாத்தியாரின் மகளுக்குப் பிறந்த குழந்தையை இன்னும் போன் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

"வீட்டுக்குள்ள கூடுறது ஆகாது. அக்காவுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது," என்றார் வாத்தியார்.

"ஆரம்பிச்சுட்டான்யா மிதிக்க," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அக்காவின் குரல் இறங்கியது. "ஏன்டா, அந்தக் குழந்தையக்கூட பாக்காம இருக்கறதுக்கா நான் பொழைச்சு வந்தேன்?"

தான் சொன்னது சரி என்று வாத்தியாருக்குத் தெரியும். சரியாகச் சொல்லிவிட்டு இவ்வளவு கேவலமாக உணர்ந்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில், பள்ளி மூடிக் கிடந்தாலும், பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வண்டிகளை ஸ்டார்ட் செய்து பார்க்கப் பயிற்சி மைதானத்துக்குப் போனார். பரந்த வெறும் மைதானம். மூலையில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆளுக்கொரு கார். நடுவில் நல்ல இடைவெளி. ஜன்னலை இறக்கிக்கொண்டு பேசலாம், கத்தலாம், யாரும் இறங்கக் கூடாது. அங்கேயே நின்று எல்லோருக்கும் போன் போட்டார்.

மகள் துள்ளிக் குதித்தாள். உடனே கேட்டாள்: "அப்பா, அத்தை எப்படி வருவாங்க? யார் கார்லயும் ஏத்த முடியாதே."

அங்கேதான் சிக்கல். அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. அத்தான் ஓட்டிய கார் ஷெட்டில் இருந்தது. இல்லாதது தைரியம் ஒன்றுதான். இளம் வயதில் அக்கா முதலில் தம்பியிடம்தான் கற்கப் போனார். "நான் மிதிக்கறதுக்குள்ள நீ மிதிச்சா, நான் எப்படா கத்துக்கிறது?" என்று நடுரோட்டில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். வேறொருவரிடம் கற்று லைசென்ஸ் வாங்கியவர், அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி.

"நானே ஓட்டிட்டு வரேன்," என்றார் அக்கா இப்போது. வாத்தியாரின் கால் தரையை ஒரு மிதி மிதித்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்காவின் தெருவில் கூத்துதான். அக்கா காருக்குள். வாத்தியார் முகக்கவசத்தோடு எதிர்ப்புற நடைபாதையில். "கிளட்ச்ச மெதுவா விடு! மெதுவான்னா மெதுவா!" வண்டி உதறி நிற்கும், அக்கா திட்டுவார், மறுபடியும் கிளம்பும். நடைபாதையை மிதித்த மிதியில் வாத்தியாரின் செருப்பு வார் அறுந்து போனது.

விடுமுறை நாள் வந்தது. "நீ கூட வந்தா நான் வண்டியவே எடுக்க மாட்டேன், போய் அங்க நில்லு," என்று அக்கா விரட்டிவிட்டார். மைதானத்தில் எல்லோரும் வந்து நின்றாயிற்று. அக்காவை மட்டும் காணோம். வழியில் ஒரு சிக்னல், ஒரு திருப்பம். எங்கோ ஒரு ரோட்டில் தன் அக்கா போய்க்கொண்டிருக்க, தனக்கென்று மிதிக்க ஒரு பிரேக்கும் இல்லாமல், வண்டிகளுக்கு இடம் காட்ட இறங்கிய வாத்தியார் நின்றார்.

அப்போது கேட்டில் அந்தப் பழைய கார் நுழைந்தது. பளீரென்ற வெயிலில் அதன் வைப்பர்கள் இரண்டும் வேலை செய்துகொண்டிருந்தன. இண்டிகேட்டர் போடப் போய் அதைப் போட்டிருக்கிறார் அக்கா. வண்டி, இடைவெளிக்காக வைத்திருந்த கூம்புகளை நோக்கி நேராக வந்தது, கொஞ்சம் வேகமாகவே. வாத்தியார் புழுதி பறக்கத் தரையை ஓங்கி மிதித்தார்.

கூம்புக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

பக்கத்துக் காரில் மகள் குழந்தையைக் கண்ணாடியருகே தூக்கிக் காட்டினாள். குழந்தை அக்காவைப் பார்க்கவில்லை. ஆடும் வைப்பரைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. அக்கா பதறி அதை நிறுத்தும் ஸ்விட்சைத் தேடினார்.

"அத்தை, நிறுத்தாதீங்க! அத பாத்துத்தான் சிரிக்கிறா!"

அக்கா கையை எடுத்தார். சிரிப்பும் அழுகையுமாகக் குழந்தையை ஆசை தீரப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, புழுதியில் இன்னும் காலை அழுத்திக்கொண்டு நின்ற தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், கால எடுடா. நான்தான் மிதிச்சேன்."