பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

பழைய டேப்லெட்டுக்காக ஏங்குகிற மனுஷி இந்தத் தாம்பரத்திலேயே ஞானஜோதி டீச்சர் ஒருத்தராகத்தான் இருப்பார். சிலேட்டை நினைத்து உருகலாம், கரும்பலகையை நினைத்து உருகலாம். அதற்கெல்லாம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கண்ணாடி விரிசல் விட்டு, சார்ஜ் நிற்காமல், ஓரத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு உயிர்வாழும் ஒன்பது வயது டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மதிய மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவற்றை எடுத்துப் போக ஆள் வருகிறான். புது டேப்லெட் இருபது, புது செயலி, எல்லாம் வந்து பீரோவில் ஏறியாயிற்று. பழையதில் இருப்பதை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் கொண்டு போவார்கள். அதற்குள் அவருக்கு அதிலிருந்து ஒரு குரல் வேண்டும். சத்யபிரியாவின் குரல்.

சத்யபிரியா மூன்றாம் வகுப்பு டீச்சர், ஞானஜோதி நாலாம் வகுப்பு டீச்சர். கிட்டத்தட்ட இருபது வருஷம் இரண்டு வகுப்பும் ஒரே கூடத்தில்தான் நடந்தன. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. மேலே ஓடு வரைக்கும் திறந்த வெளி. அந்தப் பக்கம் கணக்கு நடந்தால் இந்தப் பக்கப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நடக்கும். அரசு உதவி பெறும் சின்னப் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன கிடைக்கும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தடுப்பை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். சுவர் வந்தபோது தடுத்து நிறுத்த அந்தப் பக்கத்தில் சத்தம் எதுவும் இல்லை. சத்யபிரியா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவள் பெருங்களத்தூர்க்காரி. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய வீடு. இருபத்து நாலு மணி நேரமும் லாரியும் பஸ்ஸும் போகிற இடத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. யாராவது கேட்டால், "இன்னா பண்றது, எங்க வூட்டாண்ட கத்தினாதான் சோறு போடுவாங்க" என்பாள். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். ஞானஜோதி அதற்கு நேர் எதிர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவரின் மகள். எதையும் நோட்டில் கோடு போட்டு எழுதுகிறவர், எந்த ரிப்போர்ட்டையும் கடைசி தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புகிறவர். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று தலைமை ஆசிரியர் லாசரஸ் சாருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒத்துத்தான் போயிற்று. தினமும் மதியம் ஒரே பெஞ்சில் இரண்டு டப்பாவையும் திறந்து, பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மறைமலை நகர்ப் பக்கத்து ஃபேக்டரி ஒன்று இந்த டேப்லெட்டுகளைக் கொடுத்தது 2016-இல். நாலாம் வகுப்புக்கு மட்டும் இருபது. அந்த முதல் மாதத்தை நினைத்தால் டீச்சருக்கு இப்போதும் சிரிப்பு வரும். பிள்ளைகள் கையைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவி, டவுசரில் துடைத்துக்கொண்டு, சாமி படத்தைத் தொடுகிற மாதிரி ஒரு விரலால் தொட்டார்கள். செயலி பாடத்தில் ஒரு பக்கத்தைக் காட்டும். பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அது பதிவு செய்துகொள்ளும். முடிந்ததும் செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி ஒரு குரல், "மிக அருமை! முயற்சியைத் தொடர்க!" என்று சொல்லும். சொன்ன உடனே தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்யபிரியா, "ரொம்ப தேங்க்ஸ்மா, சாப்டியா?" என்று பதில் கொடுப்பாள். இரண்டு வகுப்பும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒருநாள் நாலாம் வகுப்பு உதயா ஏரியைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கம் சத்யபிரியா, "ஏழெட்டு எவ்ளோடா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். உதயா ஏரியை அப்படியே விட்டுவிட்டு, "அம்பத்தாறு டீச்சர்!" என்று கத்தினான். "பாருங்கடா, அந்த வகுப்புப் புள்ள சொல்றான், உங்களுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று அவள் தன் வகுப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பதிவு இன்றைக்கு இருந்தால் ஞானஜோதி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்துக்கூட வாங்கிக்கொள்வார்.

இல்லை. அதை அழித்தவர் அவரேதான். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் வேறு பேச்சுக் குரல் பலமாகக் கலந்தால் செயலி பதிவை ஏற்காது. சிவப்புக் கட்டம் காட்டி, மீண்டும் முயலச் சொல்லும். சிவப்புக் கட்டங்கள் சேர்ந்தால் டேப்லெட் திணறும். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் டீச்சர் உட்கார்ந்து, இருபது டேப்லெட்டிலும் சிவப்பை எல்லாம் நோட்டில் குறித்துவிட்டு அழித்தார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. சத்யபிரியாவின் குரலை வாரா வாரம் அத்தனை ஒழுங்காகக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியிருக்கிறார்.

சண்டை வந்தது 2018 நவம்பரில். ஃபேக்டரிக்காரர்கள் மாதக் கணக்கு அனுப்பினார்கள். எட்டுப் பள்ளிக்கூடங்களில் கடைசி இடம் ஞானஜோதியின் வகுப்பு. பாதிக்கு மேல் சிவப்பு. எதிலும் கடைசியாக வந்து பழக்கமில்லாத மனுஷி, முகம் கன்றிப்போயிற்று. மறுநாள் காலை ஒரு குழந்தை மூன்றாம் தடவையாகச் சிவப்பு வாங்கியதும், எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், முப்பது பிள்ளைகள் முன்னால் கேட்டார்: "இது ஸ்கூலா, மீன் மார்க்கெட்டா சத்யா? டீச்சர் மாதிரி பேசவே உனக்கு வராதா?"

சத்யபிரியா கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தாள். பிள்ளைகளை நோட்டை எடுக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகளை எழுத்து வேலையில் உட்கார வைத்துவிட்டாள், இல்லாவிட்டால் வராந்தாவுக்குக் கூட்டிப் போகிறாள் என்று ஞானஜோதி நினைத்துக்கொண்டார். எட்டிப் பார்க்கவில்லை. பச்சைக் கட்டங்கள் குவிந்தன. அந்த வருஷமே முதலிடம், சான்றிதழ், லாசரஸ் சார் கைகொடுத்து ஒரு போட்டோ. மதியச் சாப்பாடு தனித்தனியாகிவிட்டது. சத்யா பேச்சை நிறுத்திக்கொண்டாள் என்பதுதான் ஞானஜோதியின் கணக்கு. திட்டியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பேச்சை நிறுத்தியது அவள். இப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டு ஏழு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்ட காலம் வந்தது. 2021 மே மாதம், மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன சத்யபிரியா திரும்பி வரவில்லை. முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. ஞானஜோதி வீட்டில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

போட்டோக்கள் இருக்கின்றன. ஆண்டு விழா வீடியோவும் இருக்கிறது, ஆனால் எடுத்தவன் மேலே ஒரு பாட்டைப் போட்டுத் தொலைத்திருக்கிறான். வாட்ஸ்ஆப்பில் சத்யா அனுப்பியதெல்லாம் குட் மார்னிங் ரோஜாப்பூ. அத்தனை பெரிய குரல்காரியின் ஒரு சொல்கூட எங்கும் மிஞ்சவில்லை. இப்போதெல்லாம் அந்தக் குரலை மனதுக்குள் வரவழைக்க முயன்றால் வார்த்தை வருகிறது, குரல் வர மாட்டேன் என்கிறது. டீச்சரைப் பயமுறுத்தியது அதுதான்.

திங்கள் முதல் வியாழன் வரை 2016, 2017 பதிவுகளைத் தேடினார். சத்தம் இருந்த காலம் அதுதானே. இருபதில் உயிரோடிருப்பவை பதினாலு. அதில் பிள்ளைகள் வாசித்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். எக்ஸ்பிரஸ் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் தலைக்கு மேலே சுற்றிற்று. தயிர்க்காரர்கூட இரண்டு இடத்தில் வந்தார். சத்யபிரியா மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை கேஷவ் சொன்னபடி மூன்றரை மணிக்கு அட்டைப் பெட்டிகளோடு வந்துவிட்டான். டேப்லெட் வேலைகளைப் பார்க்கிற பையன். நாவலூரில் ஆபீஸ், நல்ல மரியாதை. வகுப்புப் பிள்ளைகளைப் படம் வரைய விட்டுவிட்டு டீச்சர் அவனோடு உட்கார்ந்தார்.

"ஒரு செக்லிஸ்ட் இருக்கு மேம். ஸ்கிரீன், சார்ஜிங், ஆடியோ ஜாக். நான் ரீசெட் போட்டுக்கிட்டே வரேன். நீங்க ஜாக் மட்டும் பாத்துடறீங்களா? இயர்ஃபோன மாட்டி எதையாவது ப்ளே பண்ணிப் பாருங்க, போதும்."

எதையாவது என்றால் எதை? பதினோராம் எண் டேப்லெட்டில் மேலாக இருந்த பச்சைக் கட்டத்தைத் தொட்டார். 2019 ஜனவரி, தீபா. அந்த வருஷத்துப் பதிவு எதையும் அவர் அந்த வாரம் திறக்கவே இல்லை. திறக்க என்ன இருக்கிறது? சண்டைக்கு அப்புறம் அந்தப் பக்கம் மயான அமைதி.

தீபா நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற பெண். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் காதுக்குள் என்னவோ சலசலத்தது, அரிசி புடைக்கிற மாதிரி.

"ஏதோ இரையுதேப்பா. வயர் கெட்டுப்போச்சா?"

"வால்யூம் ஏத்திப் பாருங்க மேம்."

ஏற்றினார். அது வயர் இல்லை. முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து, குரலே எழுப்பாமல், வெறும் மூச்சில் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் கீழே, கிசுகிசுப்பாக ஒரு பெண் குரல்.

"இன்னும் மெதுவாடா. ஜோதி டீச்சர் புள்ள படிச்சிகினு கீது. அது முடிக்கிற வரைக்கும் காத்துலதான் சொல்லணும், இன்னா?"

சத்யா. அவள் வராந்தாவுக்குப் போகவில்லை. எழுத்து வேலை கொடுத்துச் சும்மா இருக்கவும் இல்லை. அந்த லாரிச் சத்தத்துக்குப் பிறந்த தொண்டையை அடக்கி, முப்பது வாண்டுகளையும் அடக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறாள். சட்டம் போட்டு மாட்டிய அந்தச் சான்றிதழில் பாதிக்கு மேல் அவளுடையது.

தீபா வாசித்து முடித்தாள். முடித்ததும் நிறுத்த வேண்டிய பொத்தானை அழுத்த மறந்து எழுந்து போய்விட்டாள் போலிருக்கிறது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பெஞ்ச் நகரும் சத்தம். மதிய மணி. பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடினார்கள். கூடம் காலியானதும் பலகையில் விரலால் இரண்டு தட்டு. பிறகு சத்யபிரியா, பழைய குரலில் பாதி வைத்துக்கொண்டு:

"ஜோதி. சாப்ட வர்றியா? கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்துகிறேன்."

பிறகு மிக அருகில், தெளிவாக, இன்னொரு குரல் கேட்டது.

"எனக்கு ரிப்போர்ட் இருக்கு."

ஞானஜோதிக்கு அது தன் குரல் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. அப்படி ஒரு நாள் நடந்ததே நினைவில் இல்லை. பேச்சை நிறுத்தியவள் சத்யாதான் என்று ஏழு வருஷமாகச் சாதித்து வந்தவரின் காதுக்குள், அவரே வந்து உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம், "செரி, நாளைக்கி" என்று கேட்டது. டப்பா மூடுகிற சத்தம். அதோடு பதிவு முடிந்து, "மிக அருமை! முயற்சியைத் தொடர்க!" என்றது செயலி.

அவர் இயர்ஃபோனைக் கழற்றவில்லை. தீபா ஒரு நாள் மறந்ததால் இது கிடைத்தது. பொத்தானை ஒழுங்காக அழுத்திய மற்ற நாட்களில் அந்தப் பலகை எத்தனை தடவை தட்டப்பட்டதோ, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்ததும்தான் தாங்க முடியாமல் போயிற்று. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேஷவ் பதறிப்போய் எழுந்தான். "மேம், என்னாச்சு மேம்? தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இத வெளிய எடுக்க முடியுமாப்பா? என் போனுக்கு?"

"பழைய ஆப் மேம், அதுக்குள்ளதான் ஓடும். காப்பி பண்ண விடாது. ஸ்பீக்கரும் தேஞ்சுபோச்சு, போன்ல பிடிச்சாலும் சரியா விழாது." அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "நாலு நம்பர்ல ரீசெட் ஓடிக்கிட்டிருக்கு. இதையும் போட்டாகணும் மேம். லிஸ்ட்ல இருபதுன்னு இருக்கு."

இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு வருகைப் பதிவேட்டில்கூட அடித்துத் திருத்தாதவர் ஞானஜோதி டீச்சர். பதினோராம் எண்ணின் விசையை அமுக்கி அணைத்தார். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிஃபன் டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் டேப்லெட்டை வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார்.

"பதினொண்ணு காணோம்னு எழுதிக்கப்பா. நான்தான் தொலைச்சேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."